பிள்ளையின் காலைத் தொடாத கீறல்

அக்கா,

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப்போகிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமென்று எதையும் கூட்ட மாட்டேன். வருத்தமாக இருக்குமே என்று எதையும் விடவும் மாட்டேன். கதை சொல்லும்போது நான் அலங்காரம் சேர்ப்பதாக எப்போதும் சிரிப்பாய். இன்று அதற்கு இடமில்லை. உண்மையே போதுமான அளவு நன்றாக இருக்கிறது.

என் வலதுகைச் சுட்டுவிரலில் விளக்கெண்ணெய் வாசனை. காலையில் வைத்தது, சாயங்காலம் வரை போகவில்லை. பரமக்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் சரோஜா என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, பேதிக்குக் குடிச்சியா?" என்று கேட்டாள். விரலை மறுபடி முகர்ந்து பார்த்தேன். இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் நீ நிற்கும் இடத்துக்கு வந்துவிடலாம் போல இருந்தது. பெரிய ஹாலில், மேடைக்கு இடதுபுறம், முக்காலியின் மேல், கையில் கோழி இறகுடன் நிற்கிறாய்.

அந்தக் கதவுப் படத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசை. நடுவில் ஒரு பெரிய படம். அதன் இருபுறமும் கீல் வைத்த இரண்டு இறக்கைகள். துணியிலோ காகிதத்திலோ வரைந்ததல்ல, பலகையில் வரைந்தது. நம் பள்ளித் தலைவி மதரின் தேசமான பெல்ஜியத்திலிருந்து ஒரு சீமாட்டி பள்ளிக்கு அனுப்பிவைத்தது. பல நூறு வருஷத்துப் பழசு. மூடியிருந்தால் வெளியே சாம்பல் நிறத்தில் இரண்டு உருவங்கள், கல்லில் செதுக்கியவை போலவே தெரியும். திறந்தால்தான் நிறம். மடியில் பிள்ளையுடன் மாதா, தரை வரை விழும் நீல அங்கி, தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நகத்தளவு ஆறும் அதில் ஒரு பாலமும்.

"வெளிய கல்லு, உள்ள கலரு. நம்ம அய்யா மாதிரி" என்று நீ சொன்னாய். நான் வாய்விட்டுச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டேன்.

அப்போது நீ நான்காம் பாரம், நான் முதல் பாரம். திருநாள்களில் மட்டும்தான் படத்தைத் திறப்பார்கள். அந்த வருஷம் திறக்கும் வேலை உன்னுடையது. படத்தின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "ஏ புஸ்தகம், ஓடியா! நடை தொறக்கப் போறேன்" என்று என்னைக் கூப்பிடுவாய். நடை திறப்பது என்றால் என்ன என்று மதர் கேட்டார். அழகர்கோவிலில் சந்நிதிக் கதவு திறப்பதை நீ கையை விரித்துக் காட்டி விளக்கினாய். அதற்குப் பிறகு மதரே, "பெண்ணே, நடை திறந்தாயா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் வாயில் அந்தச் சொல் புதுச்செருப்பு போலக் கடித்தது, அதைக் கேட்கவே மற்றப் பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

கீல் கிறீச்சிட்டது. ஜெபம் நடக்கும்போது நீ இறக்கையைத் திறந்தால் அது பூனை போலக் கத்தும், பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நீ சமையல்கட்டிலிருந்து கொஞ்சம் விளக்கெண்ணெய் வாங்கிவந்து கோழி இறகால் கீலில் தொட்டு வைத்தாய். நம் வீட்டில் தலைவாசல் கதவுக்கு அம்மா வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் வேறென்ன செய்வாய்? கத்தல் நின்றது. மதர் உன் தலையைத் தட்டிக் கொடுத்தார். ஏன் நின்றது என்று அவர் அப்போது கேட்கவில்லை.

பிறகு ஈஸ்டர் வந்தது. அதற்கு முந்தைய தவக்காலம் முழுவதும் படம் மூடியே கிடந்தது. சித்திரை வெயில், ஹாலின் ஓடுகள் கொதித்தன. எல்லாரும் வரிசையாக நிற்க, நீ முதல் இறக்கையைத் திறந்தாய். இரண்டாவதைத் திறந்தாய். அப்போது பாக்கு வெட்டியது போல டக் என்று ஒரு சத்தம். உன் பாதத்தின் மேல் ஏதோ நீலமாகப் பொடிந்து விழுந்தது. ஜன்னலில் ஆரம்பித்து, மாதாவின் தோள் வழியாக, அங்கியைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. பிள்ளையின் காலுக்குச் சற்று மேலே வந்து நின்றிருந்தது.

மதர் ஓடிவந்தார். யாரோ ஒருத்தி, "அவ எண்ணெய் வச்சா மதர்" என்றாள். மதரின் முகம் சிவந்தது.

"எண்ணெயா? மரத்தின் பசையை எண்ணெய் தின்றுவிடும்! நீ என்ன செய்துவிட்டாய்?"

நீ சாவியை எடுத்து நீட்டினாய். அவர் வாங்கிக்கொண்டார்.

அய்யாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஆபீஸ் அறையில் மதர் முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்; படத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அப்படியே லீவுக்கு நம் இரண்டு பேரையும் ஊருக்குக் கூட்டிப்போனார். பஸ் பாதி வழி வந்திருந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஊரான் பொருளு. எம்புட்டுக் காலமா இருந்துச்சு. உன் கை பட்டதும் போச்சு."

"மெதுவாத்தேன் தொறந்தேன் அய்யா" என்றாய் நீ.

அவ்வளவுதான். ஒரே தடவை. அதற்கு மேல் அதைப்பற்றி நீ யாரிடமும் வாதாடவில்லை. லீவு முடிந்து நான் மட்டும் திரும்பி வந்தேன். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய், அய்யாவும் வற்புறுத்தவில்லை. அவர் மனசில் இருந்ததை நீயே சொல்லிவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம்.

ஒவ்வொரு லீவுக்கும் நான் வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் பெட்டியை வாங்குவாய். என் மார்க்கைக் கேட்பாய். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு குரலைத் தாழ்த்திக் கேட்பாய்:

"கீறல் பிள்ள காலத் தொட்டுருச்சா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அப்படியேதான் இருக்கு."

"தொடாது. தொட்டாச் சொல்லு, மறைக்காத."

போன புரட்டாசியில் உனக்கு விஷ ஜுரம் வந்தபோது என்னை அழைத்துப்போனார்கள். நீ என்னை அடையாளம் கண்டுகொண்டாயா என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன். "தொட்டுருச்சா" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. "இல்லக்கா" என்றேன். என் பதில் காதில் விழும் தூரத்தில் நீ இருந்தாயா என்பதும் தெரியாது. அம்மா இதை ஜுர வேகம் என்று நினைத்தாள்.

இனி அதற்கடுத்த மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். இதற்கு முன்பெல்லாம் கதவுப் படத்தைத் தொட பயந்து, அதை மாட்டியபடியே சுற்றி அடித்துவிடுவார்களாம். இந்தத் தடவை மேல்சுவரில் கறையான் கோடு தெரிந்ததால் மதர் பயந்துபோய், "இறக்குங்கள்" என்றார். தச்சாசாரி ஒருவரும் தோட்டக்காரரும் வந்தார்கள். கீல்களில் இருந்த கம்பியை உருவி முதலில் இறக்கைகளைத் தனியாக எடுத்தார்கள். நடுப்படத்தை எங்கே வைப்பது? மதர் தன் மெத்தையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மேல் சுத்தமான துணி விரித்து, படத்தைக் குப்புறப் படுக்க வைத்தார்.

"நமக்கு ஓலப்பாயி, மாதாவுக்கு மெத்த" என்றாள் சரோஜா என் காதில்.

அக்கா, அந்தப் படத்தின் முன்பக்கத்தை நீயும் நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். பின்பக்கத்தை யாருமே பார்த்ததில்லை.

மூன்று பலகைகள், நின்றவாக்கில், ஒன்றோடொன்று விளிம்பு சேர்த்து ஒட்டியவை. ஓக் என்ற மரமாம், அவர்கள் தேசத்தில் நம் தேக்கு மாதிரி. முன்பக்கம் கண்ணாடி போல வழவழப்பு. பின்பக்கமோ மரம் சீவும் இழைப்புளியின் தடம்கூடப் போகாமல் சொரசொரவென்று இருந்தது. பலகைகளின் குறுக்கே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தடித்த சட்டங்கள். அவை மட்டும் வேறு மரம், வேறு நிறம். பசை போட்டு ஒட்டி, போதாதென்று ஆணிகளும் அடித்திருந்தது. ஆணித்தலைகள் துருப்பிடித்துக் கிடந்தன. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, முதல் பலகையும் இரண்டாவது பலகையும் சேரும் இடத்தில், நம் கீறல்.

ஆசாரி குனிந்து பார்த்துவிட்டு நாக்கைத் தட்டினார்.

"இன்னும் ரெண்டு குறுக்குச் சட்டம் போட்டு, நீள ஆணியா அடிச்சு முடுக்கிருவோம் தாயி. அப்புறம் இது அசையவே அசையாது."

"செய்யுங்கள்" என்றார் மதர். ஆசாரி பையைத் திறந்து சுத்தியலை எடுத்தார்.

அடிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று அந்த நேரம் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்தில் துணி மேல் கிடந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அதே மரம், அதே வயது, அதே வெயிலில் தொங்கியது. அதில் ஒரு கீறல் கிடையாது. குறுக்குச் சட்டமும் கிடையாது. ஓர் ஆணிகூட இல்லை. சட்டகத்தின் நான்கு மூலையிலும் மரமுளைதான் இறுக்கியிருந்தது. பலகையின் விளிம்பை அப்பளத்தின் ஓரம் போல மெல்லிசாகச் சீவி, சட்டகத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகியிருந்தார்கள். நான் விரலால் பலகையை மெல்ல அழுத்தினேன். விழப்போகும் பால்பல் போல அது மயிரிழை அசைந்தது.

"மதர், கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். "சட்டம் அடிக்காத பலகை வெடிக்கவில்லை. அடித்ததுதான் வெடித்திருக்கிறது."

ஆசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இறக்கையிடம் வந்து அவரும் அழுத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் அழுத்தினார், இந்தப் பக்கம் அழுத்தினார்.

"அட, ஆமா. காடிப் பள்ளத்துக்குள்ள சும்மாத்தேன் நிக்கிது. நம்ம வீட்டுக் கதவுல பலகையை விடுற மாதிரியே விட்டிருக்கான்."

"கதவுப் பலகையில் ஆணி அடிக்க மாட்டீர்களா?" என்று கேட்டார் மதர்.

"அடிப்பாகளா தாயி? வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும். இடம் குடுக்காம இறுக்குனா அது வெடிக்கத்தான செய்யும்?"

"அப்ப இதுல மட்டும் எதுக்கு அடிக்கப் போனீக?" என்றாள் சரோஜா.

ஆசாரி தலையைச் சொறிந்தார். "படம்னு நெனச்சுட்டேன் பாப்பா. கதவுன்னு நெனைக்கல."

தோட்டக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அதைக் கதவு என்று முதல் நாளிலிருந்து நினைத்தவள் ஒருத்தி இருந்தாள். கதவுக்குச் செய்ய வேண்டியதைத்தான் அவள் செய்தாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. குறுக்குச் சட்டம்தான் காரணம் என்றாலும், எண்ணெயும் சேர்ந்துதான் கெடுத்தது என்று யாராவது சொல்லலாம் அல்லவா? நான் தரையில் படுத்து அந்தக் கீறலுக்குள் பார்த்தேன். உள்ளே ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. வெளிர்நீலமாக இருந்தது. மேலே சட்டத்தின் மீதும், துருப்பிடித்த ஆணித்தலை மீதும் அதே நீலத்தில் சொட்டுகள் வழிந்து, அப்படியே இறங்கிக் கீறலுக்குள் போயிருந்தன.

"மதர், இந்த ஹாலுக்கு எப்போதாவது நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தார்களா?"

"நீலமா?" மதர் யோசித்தார். "ஆம். நான் இந்தியாவுக்கு வந்த புதிதில் ஹால் நீலம். பழைய மதருக்கு நீலம் பிரியம். பிறகு ஒருபோதும் இல்லை. எப்போதும் வெள்ளை."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளியில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது, "ஹாலு வெள்ளவெளேர்னு இருக்கு, கண்ணு கூசுது" என்று அம்மாவிடம் சொன்னாய்.

நான் கீறலைச் சுட்டிக் காட்டினேன். மதர் கனத்த உடம்போடு மெதுவாக மண்டியிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஓர் ஊசியால் சுரண்டினார். நீலப்பொடி அவர் விரலில் ஒட்டியது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது திறந்திருந்தது" என்றார். "நீலம் அடித்தபோதே இது திறந்திருந்தது."

முன்பக்கத்தில் யாரோ மெழுகு அடைத்து மேலே வர்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் பலகை இன்னும் சுருங்கியதும் அந்தப் பூச்சுதான் டக்கென்று விட்டிருக்கிறது. உன் பாதத்தில் விழுந்த நீலப்பொடி அதுதான். ஆசாரி கீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "எண்ணெ இரும்போட நின்னுருச்சு. பலகைப் பக்கமே வரல" என்றார். கீலைச் சுற்றி நகக்கண் அளவு ஒரு கறுத்த வட்டம், அவ்வளவே.

மதர் எழுந்திருக்கவில்லை. "நான் முன்பக்கம் மட்டும் பார்த்தேன்" என்றார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்து, "அவளிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே எழுது, அவளிடம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. பிடித்த கையை விடாமல் அப்படியே இருந்தார்.

உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. தண்ணீர்க் குடத்தை வெகுதூரம் சுமந்து வந்து இறக்கியதும் இடுப்பு தானாக நிமிருமே, அப்படி இருந்தது. சரோஜா பயந்துபோய், "என்னடி, சிரிக்கிற?" என்று கேட்டாள்.

ஆணிகளை ஆசாரி ஒவ்வொன்றாக அசைத்து அசைத்து எடுத்தார். சட்டங்களைப் பிடுங்கவில்லை, உளியால் மேலிருந்து மெல்லிசாகச் சீவிச் சீவித்தான் கழித்தார். கடைசிச் சீவல் போனதும் பலகைகள் லேசாக முனகின. மதர் சிலுவை போட்டுக்கொண்டார். கீறலின் வாய் கொஞ்சம் சேர்ந்தது, முழுவதும் அல்ல. அதை அடைக்க மதர் விடவில்லை. அவர் தேசத்திலிருந்து இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது எழுதும் வரை அப்படியே இருக்கட்டும் என்றார். பின்பக்கத்தில், கீறல் முடியும் இடத்தில், நான் சோற்றுப்பசையால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் குறுக்கே ஒட்டினேன். கீறல் வளர்ந்தால் அது கிழிந்து காட்டிக்கொடுக்கும். வெள்ளையடித்து முடிந்ததும், பின்னால் கை நுழைய இடம் விட்டு, படத்தை மறுபடி மாட்டினார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியை வாங்க நீ இல்லை. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு நான் வாசலில் கொஞ்சம் நின்றேன். பழக்கம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "அவ இருக்கயில தெரிஞ்சிருக்கக் கூடாதா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் எடுத்துவிட்டு, "போகுது. இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே" என்றாள். அய்யா மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்தார். கையைக் கழுவினார். தொழுவத்துக்குள் போய்விட்டு வந்தார்.

"மெதுவாத்தேன் தொறந்தேன்னு சொன்னா" என்றார். "பஸ்ஸுல. அப்பவே சொன்னா."

கொஞ்சம் கழித்து, "அந்தப் படத்த நாங்க வந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

இன்று ஈஸ்டர், அக்கா. அதே சித்திரை, அதே வெயில். விடுதலையான பலகை இந்த வெயிலைத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. மதர் சாவியை என்னிடம் கொடுத்தபோது அவர் கை ஈரமாக இருந்தது. காலையில் முக்காலி போட்டு ஏறி, கீல்களுக்கு எண்ணெய் வைத்தேன். மதர் கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அய்யாவும் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே வந்து, பின்சுவரை ஒட்டி நின்றார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் முதல் இறக்கையைத் திறந்தேன். இரண்டாவதைத் திறந்தேன். மெதுவாகத்தான் திறந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. கீல்கூடக் கத்தவில்லை.

"நடை திறந்தாயிற்று" என்றார் மதர்.

கூட்டம் கலைந்ததும் அய்யா படத்தின் பக்கத்தில் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஜன்னலிலிருந்து தொடங்கி அந்தக் கோட்டோடு விரலை, தொடாமல், காற்றிலேயே இறக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் காலுக்கு மேலே விரல் நின்றது. கிட்டக் குனிந்து பார்த்தார்.

"தொடல" என்றார் என்னிடம். பிறகு படத்தைப் பார்த்தே, "தொடவே இல்ல தாயி" என்றார். அவர் உன்னைத்தான் தாயி என்று கூப்பிடுவார். என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர்கள் போன பிறகு கையைப் பின்னால் விட்டு என் காகிதத் துண்டைத் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. மழைக்காலம் வரும், பலகை ஊதும், அடுத்த வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொல்கிறேன். தொட்டாலும் மறைக்க மாட்டேன். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது, நீ செருகிக்கொள்ளும் அதே பக்கத்தில். விரலில் எண்ணெய் வாசனை. சரோஜா தூங்கப் போகும்போது, "நாளைக்காவது கையக் கழுவுடி" என்றாள். பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டது. இன்னும் ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தேன். சிஸ்டர் விளக்குகளை அணைக்க வந்துவிட்டார்.